செல் ஒட்டவில்லையா? எப்போது கழன்றது என்று முதலில் பாருங்கள்

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குள் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "அக்கா, எல்லாம் மிதக்குது." ஆய்வக டிஷ்ஷின் அடியில் ஒட்டி வளர வேண்டிய செல்லை (உயிரணுவை) வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசர அவசரமாகப் போட்டுவிட்டு ஊருக்குப் பஸ் பிடித்த பிள்ளைகளில் யாராவது ஒருவர். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்போதிலிருந்து மிதக்குது?" பெரும்பாலும் பதில் இருக்காது. போட்டு நான்கு மணி நேரத்தில் ஒரு தடவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

'ஒட்டுவது' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவது உண்மையில் மூன்று வேலை. முதல் அரை மணி நேரத்தில் செல் கீழே இறங்கி, உருண்டையாகவே பிடித்துக்கொள்ளும். அடுத்த சில மணி நேரத்தில் கால் பரப்பி விரியும். அப்புறம்தான் பிடி இறுகும்: உள்ளே ஆக்டின் இழைகள் கயிறாகத் திரளும், பிடி விழுந்த இடங்களில் டாலின், வின்குலின், பாக்ஸிலின் போன்ற புரதங்கள் வந்து சேரும், செல் தன் சொந்த மேட்ரிக்ஸையும் (செல்லுக்கு வெளியே இருக்கும் புரத வலை) சுரந்து அடியில் விரித்துக்கொள்ளும். முதல் வேலை கெடக் காரணம் ஒன்று, மூன்றாவது கெடக் காரணம் வேறு. அதனால் கீழே உள்ள அறிகுறிகளைப் படிக்கும்போது கூடவே கடிகாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லின் கை இன்டெக்ரின் என்ற புரதம். ஆல்பா சங்கிலி ஒன்று, பீட்டா சங்கிலி ஒன்று சேர்ந்த ஜோடி. மனிதரில் 18 ஆல்பா, 8 பீட்டா. அவை சேர்ந்து அமைவது 24 ஜோடிகள். எந்த ஜோடி எந்த மேட்ரிக்ஸ் புரதத்தைப் பிடிக்கும் என்பது அந்தந்த இடத்தில் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

மிதக்கும் செல்லைக் கொட்டிவிடாதீர்கள். அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. ஒரு துளி எடுத்து டிரிப்பான் புளூ (செத்த செல்லை நீலமாக்கும் சாயம்) போட்டு உயிர் இருக்கிறதா பாருங்கள். மீதியைச் சுழற்றி இறக்கி, 10 சதவீதம் சீரம் (ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீர்) உள்ள புது மீடியாவில் (செல் வளரும் திரவம்), வேறு பாக்கெட்டிலிருந்து எடுத்த டிஷ்ஷில் போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒட்டிவிட்டால் செல்லில் குற்றமில்லை. பழைய டிஷ்ஷிலோ, அதன் அடியில் பூசிய கோட்டிங்கிலோ, மீடியாவிலோதான் கோளாறு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நாள் முழுக்க மிதந்த செல் செத்துக் கிடந்தால், "போடும்போதே செத்த செல்லைப் போட்டுவிட்டேன்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது தலைகீழாகவும் இருக்கலாம். எபிதீலியல் செல்களுக்கு (தோல், குடல் போன்றவற்றின் பரப்பை மூடும் செல்கள்) பிடிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் தாமாகவே செத்துப்போகும். ஃபிரிஷும் ஃபிரான்சிஸும் 1994-ல் இதற்கு 'அனாய்கிஸ்' என்று பெயர் வைத்தார்கள். வீடற்ற நிலை என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து எடுத்த சொல். ஆகவே செத்ததால் ஒட்டவில்லையா, ஒட்டாததால் செத்ததா என்பதை மறுநாள் பார்த்துச் சொல்ல முடியாது. போட்ட அன்றே பார்த்தால்தான் தெரியும்.

நான்கு மணி நேரம் கழித்தும் ஒன்றுகூட ஒட்டவில்லை. உருண்டையாக, பளபளவென்று, உயிரோடு மிதக்கிறது

உயிரோடு என்பதைக் கவனியுங்கள். இந்த அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது பிளாஸ்டிக்கைத்தான். செல்லுக்கான டிஷ்ஷும் பாக்டீரியாவுக்கான பெட்ரி டிஷ்ஷும் ஒரே பாலிஸ்டைரீன்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். செல்லுக்கானதைப் பிளாஸ்மா (மின்னூட்டம் ஏறிய வாயு) கொடுத்துத் தண்ணீர் ஒட்டும்படி ஆக்கியிருப்பார்கள். மற்றது தண்ணீரை ஒதுக்கும். அப்படி ஒதுக்கும் பரப்பில் சீரம் மீடியாவை ஊற்றினால் சீரத்தில் மிகுதியாக உள்ள அல்புமின் என்ற புரதம் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். செல்லுக்குப் பிடி தரும் விட்ரோனெக்டினுக்கும் ஃபைப்ரோனெக்டினுக்கும் இடம் கிடைக்காது.

எனக்கே நடந்தது. அலமாரியில் உறை கிழிந்த ஒரு கட்டு 10 செ.மீ. டிஷ், பெயர்ச்சீட்டு உறையோடு போய்விட்டது. மூன்று முறை ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) போட்டேன், மூன்று முறையும் மிதந்தது. சீரத்தை மாற்றினேன், டிரிப்சினை மாற்றினேன், கடைசியில் உறைய வைத்திருந்த புதுச் செல் குப்பியையே உருக்கினேன். அப்போது பக்கத்து பெஞ்சிலிருந்த டெக்னீஷியன் அண்ணன் வந்து 20 மைக்ரோலிட்டர் தண்ணீரை ஒரு டிஷ்ஷில் சொட்டு வைத்தார், நல்ல உறையிலிருந்து எடுத்த இன்னொன்றிலும் வைத்தார். நல்ல டிஷ்ஷில் சொட்டு பரந்து படிந்தது. என் டிஷ்ஷில் குவிந்து நின்றது. தாமரை இலைத் தண்ணீர் அளவுக்கு இல்லை, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஒரு மாதம் போனது அந்தச் சொட்டில்தான். இன்றைக்கும் சந்தேகம் வந்தால் இரண்டு சொட்டு வைத்துப் பார்த்துவிடுவேன்.

அந்த டிஷ் குப்பைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சீரம் படாமல் முதலில் சுத்தமான ஃபைப்ரோனெக்டினைப் பூசினால் அதில் செல் நன்றாகவே ஒட்டும். ஒட்டுதல் சோதனை செய்பவர்கள் வேண்டுமென்றே இதைத்தான் வாங்குவார்கள், பூசாத இடத்தில் எதுவும் ஒட்டாது என்பதால்.

பிளாஸ்டிக் சரி என்றால் அடுத்த சந்தேகம் டிரிப்சின், ஒட்டிய செல்லைக் கழற்றப் போடும், புரதத்தை வெட்டும் நொதி. 37 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் போதும் என்கிற செல்லை இன்குபேட்டரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், செல்லின் பரப்பிலிருக்கும் புரதங்களையும் அது மென்றுவிடும். மறுபடி செய்துகொள்ள செல்லுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துப் பாருங்கள். உருண்டு, லேசாகத் தட்டினால் நகர்கிறது என்றதும் நிறுத்துங்கள். சீரம் மீடியா ஊற்றினால் டிரிப்சின் அடங்கும். சீரம் இல்லாத மீடியாவில் வேலை செய்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: அடக்க ஆளில்லாத டிரிப்சின் கூடவே வந்து, கோட்டிங்கையும் சேர்த்துத் தின்கிறது. சோயாபீன் டிரிப்சின் தடுப்பான் சேருங்கள், அல்லது சுழற்றி மேல்நீரை எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் டிரிப்சினோடு சேர்த்துப் போடும் ஈடிடிஏ மேல் பழி போடுவார்கள். இன்டெக்ரின் பிடிக்க மக்னீசியம் போன்ற இரட்டை மின்னூட்ட அயனி வேண்டும், ஈடிடிஏ அதைப் பிடுங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.02 சதவீத ஈடிடிஏ என்றால் சுமார் 0.53 மில்லிமோலார். ஒரு மி.லி. டிரிப்சின்-ஈடிடிஏ ஒன்பது மி.லி. மீடியாவில் கலந்தால் 0.05 ஆகிவிடும். டிஎம்இஎம் என்ற மீடியாவில் கால்சியமே 1.8 மில்லிமோலார், மக்னீசியம் 0.8. அந்த ஈடிடிஏ எந்த மூலைக்கு? சாதாரண பாசேஜில் (செல்லைக் கழற்றிப் புது டிஷ்ஷுக்கு மாற்றும்போது) ஈடிடிஏ குற்றவாளியாக இருப்பதை நான் பார்த்ததில்லை. கால்சியம், மக்னீசியம் இல்லாத பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) செல்லைக் கலக்கி ஒட்டுதல் சோதனை செய்தால் மட்டும் அது நிஜமான பிரச்சினை. அங்கே ஈடிடிஏ இல்லாவிட்டாலும் செல் ஒட்டாது.

கோட்டிங் போட்டேன், இருந்தும் ஒட்டவில்லை

நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எழுதியிருப்பது 'மி.லி.க்கு 5 மைக்ரோகிராம்' என்றா, 'சதுர செ.மீ.க்கு 5 மைக்ரோகிராம்' என்றா? ஆறு குழி பிளேட்டில் ஒரு குழியின் பரப்பு சுமார் 9.5 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 5 என்றால் குழிக்கு 47.5 மைக்ரோகிராம் போக வேண்டும். மி.லி.க்கு 5 என்று படித்து ஒரு மி.லி. ஊற்றினால் போவது வெறும் 5. பத்தில் ஒரு பங்கு. ஹீலா மாதிரி முரட்டுச் செல் இதைப் பொறுத்துக்கொள்ளும், திசுவிலிருந்து நேராக எடுத்த பிரைமரி செல் பொறுக்காது. அதனால்தான் "போன மாதம் இதே கோட்டிங் வேலை செய்ததே" என்ற குழப்பம் வருகிறது.

அடுத்தது, எதில் கரைத்தீர்கள்? மிச்சமிருந்த சீரம் மீடியாவில் ஃபைப்ரோனெக்டினைக் கலந்து ஊற்றியவர்கள் உண்டு. 10 சதவீத சீரத்திலுள்ள அல்புமின், நீங்கள் போட்ட மி.லி.க்கு 10 மைக்ரோகிராமைவிட நூறு மடங்குக்கும் மேல். கூட்டத்தில் உங்கள் புரதத்துக்கு நிற்க இடம் கிடைக்காது. கோட்டிங்குக்குப் பிபிஎஸ் போதும், அல்லது அந்தப் புரதத்துக்குச் சொன்ன பஃபர்.

ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு குணம் உண்டு. ஃபைப்ரோனெக்டின் பொடியில் நீர் விட்டதும் வோர்டெக்ஸ் செய்யக்கூடாது. 37 டிகிரியில் அசைக்காமல் அரை மணி விட்டால் தானே கரையும். குலுக்கினால் இழை இழையாகத் திரண்டுவிடும். லாமினினை வாட்டர் பாத்தில் உருக்காதீர்கள், 4 டிகிரியில் மெதுவாக விடுங்கள். பூசியதைக் காயவும் விடாதீர்கள். எலிவால் கொலாஜன் அசிட்டிக் அமிலத்தில் வரும். பூசியபின் இரண்டு தடவை கழுவாவிட்டால் அமிலம் மிஞ்சி, மீடியா ஊற்றியதும் அடியில் மஞ்சளடிக்கும். அந்த மஞ்சளைப் பார்த்தும் செல்லைப் போட்டால் யார் என்ன செய்ய முடியும்?

கொலாஜனை ஆட்டோகிளேவ் செய்தேன் என்று ஒரு தம்பி சொன்னான். கிருமி நீக்கம் ஆகியிருக்கும், கொலாஜனும் போயிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் முன்வைத்தார்களே, மூன்று இழை முறுக்கிய சுருள், சூட்டில் அந்த முறுக்கு அவிழ்ந்தால் மிஞ்சுவது ஜெலட்டின். கொலாஜனைப் பிடிக்கும் ஆல்பா2 பீட்டா1 இன்டெக்ரின் முறுக்கைத்தான் அடையாளம் காணும். அவிழ்ந்த இழையைப் பிடிக்காது. ஜெலட்டினில் சில செல்கள் ஒட்டும்தான், ஆனால் அது வேறு கைகளால், பெரும்பாலும் ஜெலட்டினில் வந்து படியும் ஃபைப்ரோனெக்டின் வழியாக. அவன் "கொலாஜனில் ஒட்டியது" என்று எழுதிய முடிவு கொலாஜனைப் பற்றியதே அல்ல.

ஒட்டியது, ஆனால் விரியவில்லை

கழுவினால் போகவில்லை, பார்த்தால் உருண்டையாகவே இருக்கிறது. பாலிலைசின் மட்டும் பூசியிருந்தால் இதுதான் எதிர்பார்க்க வேண்டியது. செல்லின் வெளிப்பரப்பு எதிர் மின்னூட்டம், லைசின் நேர் மின்னூட்டம், இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. இன்டெக்ரினுக்கு அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. நியூரான் வளர்ப்பவர்கள் பாலி-டி-லைசின் மேல் லாமினினும் பூசுவது இதற்காகத்தான். டி வகையைத் தேர்ந்தெடுப்பது, செல்லின் நொதிகளால் அதை உடைக்க முடியாது என்பதால். நன்றாகக் கழுவுங்கள், ஒட்டாமல் கிடக்கும் பாலிலைசின் செல்லுக்கு நஞ்சு.

உண்மையான புரதம் பூசியும் விரியவில்லை என்றால் ஜோடிப் பொருத்தம் பாருங்கள். ஃபைப்ரோனெக்டினுக்கு ஆல்பா5 பீட்டா1, விட்ரோனெக்டினுக்கு ஆல்பாவி பீட்டா3-உம் பீட்டா5-உம், லாமினினுக்கு ஆல்பா6 பீட்டா1, கொலாஜனுக்கு ஆல்பா1 அல்லது ஆல்பா2-வோடு பீட்டா1. உங்கள் செல்லில் அந்தக் கை இருக்கிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்துவிடலாம்.

பிடி இன்டெக்ரின் வழியாகத்தானா என்று உறுதிசெய்ய ஆர்ஜிடி பெப்டைடு போட்டிக்கு விடலாம். ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற இந்த மூன்றெழுத்துதான் ஃபைப்ரோனெக்டினில் செல் பிடிக்கும் இடம் என்று பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் 1984-ல் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆர்ஜிஇ பெப்டைடு. ஒரே ஒரு எழுத்து மாறினாலே வேலை செய்யாது. லாமினின், கொலாஜன் பிடிப்பை ஆர்ஜிடி பெரும்பாலும் தடுக்காது. அதை வைத்து "இன்டெக்ரின் இல்லை" என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

இந்தச் சோதனைகளை 30 முதல் 60 நிமிடத்துக்குள் படியுங்கள். மறுநாள் படித்தால் செல் தானே ஃபைப்ரோனெக்டின் சுரந்து உங்கள் மோசமான கோட்டிங்கை மூடி மறைத்திருக்கும்.

மென்மையான பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் உருண்டையாக இருந்தால் அது பிழையாகவே இல்லாமல் இருக்கலாம். பாலிஸ்டைரீன் கல் மாதிரி. மூளைத் திசு ஒரு கிலோபாஸ்கல் அளவுதான். பல செல்கள் மென்மையான இடத்தில் விரியாது. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் மட்டும் இணைப்பு வேதியியலைப் பாருங்கள்: அந்த ஜெல்லில் புரதம் தானாகப் படியாது, சல்ஃபோ-சான்பா என்ற இணைப்பான் போட்டு யூவி காட்டி இணைக்க வேண்டும்.

நடுவில் குவிந்து கிடக்கிறது

டிஷ்ஷை வட்டமாகச் சுழற்றினீர்கள். முன்னும் பின்னும், இடமும் வலமுமாக நகர்த்துங்கள். 96 குழி பிளேட்டில் ஓரக் குழிகளில் மட்டும் ஒரு பக்கம் சேர்ந்தால், ஹூடிலேயே கால் மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் இன்குபேட்டருக்குள் தள்ளுங்கள்.

ஒட்டி, விரிந்து, நன்றாக இருந்தது. கழுவும்போது பாய் மாதிரி சுருண்டு வந்துவிட்டது

ஹெக் 293 செல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். அதன் பிடி இயல்பிலேயே இளக்கம். குளிர்ந்த பிபிஎஸ்ஸை நேராகச் செல் மேல் பீய்ச்சினால் போயே போய்விடும். பிபிஎஸ்ஸை 37 டிகிரிக்குச் சூடாக்குங்கள்; கால்சியம், மக்னீசியம் உள்ளதாக எடுங்கள்; பைப்பெட் நுனியைக் குழியின் சுவரில் சாய்த்து மெதுவாக வழிய விடுங்கள். ஸ்டெயினிங்குக்குப் பல தடவை கழுவ வேண்டுமென்றால் பாலி-டி-லைசின் பூசிய பிளேட்டில் போடுவதே நிம்மதி.

ஃபைப்ரோபிளாஸ்ட் சுருண்டு வந்தால் அது நெரிசல். செல்கள் ஒன்றையொன்று பிடித்து உள்ளே இழுக்கும்; ஓரத்தில் ஒரு இடத்தில் பிடி விட்டதும் மொத்தப் படலமும் கிளம்பும். பிளாஸ்டிக்கோடு உள்ள பிடியைவிடச் செல்களுக்குள் உள்ள பிடி வலுவாகிவிட்டது, அவ்வளவுதான். நமக்குத் தொல்லையான இதையே டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டெருவோ ஒகானோ குழு வேண்டுமென்றே செய்தது: 32 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நீரை ஏற்று உப்பும் பாலிமரை டிஷ்ஷில் பதித்து, டிரிப்சினே இல்லாமல் செல் படலத்தை முழுசாக உரித்தெடுத்தார்கள். அடியிலிருக்கும் மேட்ரிக்ஸும் கூடவே வந்துவிடும்.

மேட்ரிஜெல் திட்டுத் திட்டாக இருக்கிறது

இதற்கு ஒரே காரணம்தான், சூடு. எலியின் ஒரு வகைச் சார்கோமா கட்டியிலிருந்து எடுக்கும் இந்தக் கலவையில் லாமினின், நான்காம் வகை கொலாஜன், என்டாக்டின், பெர்லிகன் எல்லாம் இருக்கும். 10 டிகிரியைத் தாண்டினாலே உறையத் தொடங்கும். நீங்கள் குப்பியை ஐஸில்தான் வைத்தீர்கள், சரி. பைப்பெட் டிப்? பாக்கெட்டிலிருந்து எடுத்த டிப்பின் உள்சுவரில் தொட்ட நொடியில் ஒரு மெல்லிய படலம் உறைந்துவிடும். வெளியே விடும்போது அது சிறு திப்பியாக விழும். டிப் பெட்டியை முந்தின நாளே ஃப்ரீசரில் வையுங்கள், பிளேட்டையும் குளிர வைத்து ஐஸ் மேல் வைத்துப் பூசுங்கள். உருக்குவது ராத்திரி முழுக்க 4 டிகிரியில், அதுவும் ஐஸ் டப்பாவுக்குள் புதைத்து. ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்தால், ஆள் ஆள் வந்து திறந்து மூடும்போது அங்கே 4 டிகிரி இருக்காது. லாட்டுக்கு லாட் (ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும்) புரத அளவு மாறும். பழைய நீர்த்தல் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

ஐபிஎஸ் செல்லை (உடல் செல்லிலிருந்து ஆக்கிய ஸ்டெம் செல்) தனித்தனியாகப் பிரித்ததும் அத்தனையும் போய்விட்டது

கோட்டிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் ராக் (மயோசினைச் சுருங்க வைக்கும் நொதி) தடுப்பான் போட்டீர்களா என்று பாருங்கள். மனித ஸ்டெம் செல்லைக் கூட்டத்திலிருந்து பிரித்தால், உள்ளே மயோசின் கட்டுப்பாடில்லாமல் சுருங்கி, கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிச் சாகும். ஒய்-27632 என்ற ராக் தடுப்பானை 10 மைக்ரோமோலார் போட்டால் பிழைக்கும் என்று கோபேயில் யோஷிகி சசாய் குழு 2007-ல் காட்டியது. முதல் நாள் மட்டும் போதும், மறுநாள் மீடியா மாற்றும்போது எடுத்துவிடுங்கள்.

கொலாஜன் ஜெல் உறையவே இல்லை, அல்லது உறைந்து கழன்று மிதக்கிறது

உறையாவிட்டால் பிஎச். ஃபீனால் ரெட் உள்ள மீடியாவில் கலந்தால் கண்ணாலேயே தெரியும்: மஞ்சள் என்றால் காரம் போதவில்லை, ஊதா என்றால் கூடிவிட்டது. ஐஸிலேயே சரிசெய்துவிட்டு 37 டிகிரிக்குக் கொண்டுபோய் அரை மணி அசைக்காதீர்கள்.

கழன்று சிறுத்து மிதந்தால் அது ஃபைப்ரோபிளாஸ்ட் இழுத்த இழுப்பு. யூஜின் பெல் 1979-ல் இதைத்தான் எழுதினார். செயற்கைத் தோலுக்கு வழி அங்கிருந்தே தொடங்கியது. உங்களுக்குச் சுருங்கக் கூடாது என்றால் செல் எண்ணிக்கையைக் குறையுங்கள், கொலாஜன் செறிவைக் கூட்டுங்கள்.

நேற்று வரை ஒட்டியது, ஒன்றையும் மாற்றவில்லை, இன்று பிடி தளர்ந்திருக்கிறது

"ஒன்றையும் மாற்றவில்லை" என்பதை நான் நம்புவதில்லை. சீரம் பாட்டிலின் லாட் எண்ணைப் பாருங்கள். பாசேஜ் எண்ணைப் பாருங்கள். இரண்டும் அதேதான் என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. மீடியா கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, பென்சிலினுக்கு அசையாது. செல் மெதுவாக வளரும், பிடி விட்டுவிட்டு வரும். இரண்டு நாள் மீடியா மாற்றாத டிஷ்ஷிலிருந்து மேல்நீர் எடுத்து பிசிஆர் போடுங்கள். பாசிட்டிவ் வந்தால் அந்த ஃபிளாஸ்க் மட்டுமல்ல, அதோடு ஒரே பைப்பெட்டில் திறந்த மீடியா பாட்டில், டிரிப்சின், பாதி தீர்ந்த பிபிஎஸ் எல்லாமே பிளீச்சுக்குப் போக வேண்டும். பக்கத்து இன்குபேட்டர்காரரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.